ஹெர்னியா ஆபரேஷன்: ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா, வலை வைக்கலாமா?

தொடை இடுக்கில் ஒரு புடைப்பு. டாக்டர் பார்த்துவிட்டு ‘ஹெர்னியா, ஆபரேஷன் செய்யணும்’ என்கிறார். அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு பல விதமாகப் போகிறது. பெல்ட் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். லேசரில் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று போனில் வந்த விளம்பரத்தைக் காட்டுகிறார் இன்னொருவர். ஆபரேஷனில் ஓட்டையை மறைக்க உள்ளே வைக்கிற வலையால் வெளிநாட்டில் வழக்கே நடக்கிறதாம் என்று சொந்தக்காரர் ஒரு வீடியோவை அனுப்புகிறார்.

வேலூரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பக்கம், சிஎம்சி ஒரு பக்கம், நடுவில் தெருவுக்குத் தெரு நர்சிங் ஹோம். ஒரே வீக்கத்துக்கு ஓரிடத்தில் கீறித் திறந்து செய்யும் ஓப்பன் ஆபரேஷன் என்பார்கள், இன்னோரிடத்தில் சின்னத் துளைகளில் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்பார்கள், இரண்டு தொகையும் சொல்வார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த முறை என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: வயிற்றுச் சுவரில் ஓட்டை எங்கே இருக்கிறது, நோயாளி யார், ஆபரேஷன் செய்பவருக்கு எந்த முறையில் கை பழகியிருக்கிறது. விளம்பரத்தில் இந்த மூன்றும் இருக்காது.

## ஹெர்னியா என்றால் என்ன

வயிற்றின் முன்சுவர் பல அடுக்குகளால் ஆனது. தோல், கொழுப்பு, தசைகள், தசைகளை இணைக்கும் வலுவான வெள்ளைப் படலம், கடைசியாகக் குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உள்ளுறை. தசையும் படலமும் ஓரிடத்தில் தளர்ந்தோ பிரிந்தோ போனால், உள்ளுறை அந்த வழியாகப் பை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு வரும். கிழிந்த சைக்கிள் டயரில் ட்யூப் பிதுங்குவது இப்படித்தான். அந்தப் பைக்குள் கொழுப்பு இறங்கலாம், குடலே இறங்கலாம். தமிழில் குடலிறக்கம் என்கிறோம்.

இது கட்டி அல்ல. அதனால் மருந்தில் கரையாது. சுவரில் இருக்கும் ஓட்டையை மாத்திரையோ கஷாயமோ உடற்பயிற்சியோ மூடாது.

டாக்டர் உங்களைப் படுக்கவைத்து மட்டும் பார்ப்பதில்லை, நிற்கவைத்து இருமச் சொல்கிறார். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். இடுக்கில் வைத்த விரலில் ஒரு தள்ளல் தட்டுப்படும். படுத்தால் வீக்கம் தானாக உள்ளே போய்விடும். பெரும்பாலான தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு இந்தப் பரிசோதனையே போதும், ஸ்கேன்கூடத் தேவைப்படாது. வலி இருக்கிறது, வீக்கம் கைக்குத் தெரியவில்லை என்றால்தான் ஸ்கேன் உதவும்.

காரணம் ஒன்றல்ல. சிலருக்குப் பிறவியிலேயே வழி மூடாமல் இருக்கும். சிலருக்கு வயதில் திசு தளரும், புகைபிடிப்பது அதை விரைவுபடுத்தும். இதோடு அழுத்தமும் சேர வேண்டும்: நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, பிராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீருக்கு முக்குவது, உடல் பருமன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் தண்ணீரில் ஊறிய தோலைத் தூக்கிப் புரட்டுபவர்கள் ‘வெயிட் தூக்கித்தான் வந்தது’ என்பார்கள். பாரம் மட்டுமே ஓட்டையை உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தைப் பாரம் வெளிக்காட்டுகிறது என்பதுதான் பொருத்தம். ஆகவே ஆபரேஷனுக்கு முன் இருமலையும் மலச்சிக்கலையும் பிராஸ்டேட்டையும் கவனிக்காமல் விட்டால், போட்ட தையல்மீது அதே அழுத்தம் மறுபடி விழும்.

## ஓட்டை எங்கே?

1. தொடை இடுக்கு ஹெர்னியா. வயிற்றுச் சுவர் ஹெர்னியாக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான், பெரும்பாலும் ஆண்களுக்கு. ஆண் சிசுவின் விரை முதலில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் இடுக்கில் உள்ள ஒரு கால்வாய் வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த வழி பலவீனமாகவே நின்றுவிடுகிறது. வாழ்நாளில் நூறு ஆண்களில் சுமார் 27 பேருக்கு இது வரலாம், பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு.

2. தொடை மேல்முனை ஹெர்னியா. இடுக்குக்குச் சற்றுக் கீழே, தொடைக்குப் போகும் ரத்தக் குழாயின் பக்கத்தில் உள்ள குறுகிய வளையம் வழியாக வருவது. எண்ணிக்கையில் குறைவு, பெண்களுக்கே அதிகம், ஆபத்தும் அதிகம். வளையம் குறுகலாகவும் விறைப்பாகவும் இருப்பதால் இறங்கிய குடல் சிக்கிக்கொள்ளும்.

3. தொப்புள் ஹெர்னியா. பெரியவர்களில் பல பிரசவம் ஆன பெண்களுக்கும், பருமனானவர்களுக்கும், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் வரும்.

4. தழும்பு ஹெர்னியா. சிசேரியன், கர்ப்பப்பை நீக்கம், குடல் ஆபரேஷன் என்று முன்பு வயிற்றைத் திறந்த இடத்தில், மாதங்களோ வருடங்களோ கழித்து வருவது. இருப்பவற்றில் சரிசெய்யக் கடினமானது இதுதான்.

‘ஹையாட்டஸ் ஹெர்னியா’ என்று எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் வருவது வேறு. வயிறும் மார்பும் பிரியும் உதரவிதானத்தில் ஏற்படுவது அது. நெஞ்செரிச்சல்தான் அதன் முக்கியத் தொல்லை, வெளியே வீக்கம் தெரியாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இடுக்கு ஆபரேஷனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் ஓதம். விரையைச் சுற்றி நீர் சேர்ந்து விரைப்பை வீங்குவது. நம் பக்கத்தில் யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் வயதானவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். ஓதத்தில் வீக்கத்தின் மேல்விளிம்பு விரலுக்குத் தனியாகப் பிடிபடும், பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவும். ஹெர்னியாவில் வீக்கம் மேலே இடுக்கு வரை தொடர்ந்து போகும். ஓதத்துக்கான ஆபரேஷன் வேறு. ‘கீழே வீக்கம்’ என்று வெட்கப்பட்டு ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு வராமல் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

## எது அவசரம், எது காத்திருக்கலாம்

ஹெர்னியாவில் பயப்பட வேண்டியது வீக்கத்தின் அளவுக்கு அல்ல. சிக்கிக்கொள்வதற்குத்தான். பைக்குள் இறங்கிய குடல் திரும்ப உள்ளே போக முடியாமல் நிற்கும். ஓட்டையின் விளிம்பு அதை நெரிக்கும். முதலில் ரத்தம் திரும்பிப் போவது நிற்கும், வீக்கம் கூடும், பிறகு உள்ளே வரும் ரத்தமும் நிற்கும். சில மணி நேரங்களில் அந்தக் குடல் துண்டு செத்துப்போகலாம். அப்புறம் ஹெர்னியாவை மூடுவதோடு ஆபரேஷன் முடியாது, குடலை வெட்டி இணைக்க வேண்டிவரும்.

அடையாளங்கள்:

1. வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகவில்லை, கல் மாதிரி இறுகியிருக்கிறது.
2. திடீரென்று விடாத வலி, தொட்டால் தாங்க முடியவில்லை.
3. வாந்தி, வயிறு உப்பல், காற்றும் மலமும் பிரியவில்லை.
4. மேல்தோல் சிவக்கிறது அல்லது கருக்கிறது, காய்ச்சல்.

இதில் முதல் இரண்டு இருந்தாலே நேராக அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடலேற்றம் என்று எண்ணெய் தேய்த்து வயிற்றைத் தடவவோ, வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளவோ கூடாது. செத்துக்கொண்டிருக்கும் குடலை உள்ளே தள்ளிவிட்டால் வெளியே வலி குறைந்த மாதிரி தெரியும், உள்ளே வயிறு முழுக்கச் சீழ் பரவும். போகும் வழியில் டீ, ஜூஸ் என்று எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆணுக்கு, தொடை இடுக்கில், வலியில்லாமல், தானாக உள்ளே போகும் சின்ன ஹெர்னியா என்றால் உடனே ஆபரேஷன் கட்டாயமில்லை. அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்துச் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களுக்குத் திடீர்ச் சிக்கல் வந்தது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் பத்து ஆண்டுக் கணக்கில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி கூடியதால், ஆபரேஷனுக்கு வந்துசேர்ந்தார்கள். காத்திருப்பது ஆபத்தில்லை, ஆனால் பலருக்கும் அது ஒத்திப்போடுதல்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த நிம்மதி ஊருக்கு ஊர் ஒன்றாக இருக்காது. காட்பாடியில் இருப்பவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வலி வந்தாலும் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அணைக்கட்டு ஒன்றியத்து மலைக் கிராமங்களிலோ ஜவ்வாது மலையின் உள் ஊர்களிலோ இருப்பவர் அதே ராத்திரியில் மலையிறங்கி வர வேண்டும். அவருக்குத் திட்டமிட்டு முன்கூட்டியே செய்துகொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

பெண்களுக்குக் காத்திருப்பு சரிப்படாது. அவர்களுடைய இடுக்கு வீக்கத்தில் தொடை மேல்முனை ஹெர்னியா மறைந்திருக்கலாம். பழைய பிரிட்டிஷ் கணக்கு ஒன்றில், அந்த வகை ஹெர்னியா கண்டுபிடிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் சுமார் ஐந்தில் ஒன்று நெரிபட்டிருந்தது. குடியாத்தம் பக்கம் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பீடி சுற்றும் அம்மாவுக்கு இடுக்கில் நெல்லிக்காய் அளவு முடிச்சு, ‘நெறி கட்டியிருக்கும்’ என்று விடுகிறார்கள். அதைக் காட்டாமல் விடக் கூடாது.

## பெல்ட்டும் லேசரும்

மருந்துக் கடையில் விற்கும் ஹெர்னியா பெல்ட் வீக்கத்தை வெளியே வராமல் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவே. ஓட்டையை அது மூடாது. வீக்கம் வெளியே இருக்கும்போதே மேலே கட்டினால் குடல் நசுங்கும். உடல்நிலை காரணமாக ஆபரேஷனே முடியாதவர்களுக்கு, டாக்டர் சொல்லிக் கொடுத்த முறையில், தற்காலிக உதவி.

லேசர் விஷயத்தில் தெளிவாகவே சொல்கிறேன். வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டையை லேசர் மூடாது. விளம்பரத்தில் லேசர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பிதான். ‘லேசர் என்றால் எதை வைத்து ஓட்டையை மூடுகிறீர்கள்?’ என்று அங்கேயே கேளுங்கள்.

## அறுவை முறைகள் எப்படி வளர்ந்தன

1880-களில் இத்தாலியில் எடுவார்டோ பாசினி, பையை நீக்கிவிட்டு, தசையையும் படலத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையை ஒழுங்காக வகுத்தார். அதற்கு முன்பு ஆபரேஷன் செய்தும் பலருக்கு ஹெர்னியா திரும்ப வந்தது. பாசினி முறை பல தலைமுறைகளுக்கு அடிப்படையாக இருந்தது. அதன் குறை இழுவிசை. விலகி நிற்கும் இரண்டு விளிம்புகளை இழுத்துத் தைத்தால், தையல் ஒவ்வொரு இருமலுக்கும் இழுபடும். வலி கூடும், பிரியவும் செய்யும். இழுவையை அடுக்கடுக்காகப் பகிர்ந்து தைக்கும் முறையைக் கனடாவின் டொரொண்டோவில் ஷோல்டைஸ் உருவாக்கினார். வலையில்லாத தையல் முறைகளில் இன்றும் சிறந்ததாகக் கருதப்படுவது அது. புனேயைச் சேர்ந்த டாக்டர் மோகன் தேசர்டா, நோயாளியின் சொந்தப் படலத்திலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் பலவீனமான இடத்தின் மேல் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

பெரிய மாற்றம் வலையால் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980-களில் பரப்பிய முறையில், விளிம்புகளை இழுக்கவே வேண்டாம். அது இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் அதிகம் நடக்கும் ஓப்பன் ஆபரேஷன். இடுக்கில் சுமார் ஆறு செ.மீ. கீறல். வெளிப்படலத்தைத் திறந்ததும் விரைக்குப் போகும் நாண் தெரியும். அதில் ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் இருக்கும். நாணை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, அதோடு ஒட்டியிருக்கும் ஹெர்னியாப் பையைப் பிரித்து உள்ளே தள்ளுவார்கள். அந்த இடத்தில் ஓடும் மூன்று மெல்லிய நரம்புகளை அடையாளம் கண்டு காப்பாற்றுவதில்தான் சர்ஜனின் நிதானம் தெரியும். பிறகு, சுமார் 15 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் உள்ள பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் இழை வலையைத் தளர்வாக விரித்து, நாண் போக ஒரு பிளவு விட்டுத் தைப்பார்கள். வரும் வாரங்களில் உடலின் திசு வலைக் கண்களுக்குள் வளர்ந்து ஒரே சுவராகிவிடும்.

இந்த ஆபரேஷனை அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசியிலேயே செய்யலாம். இதயம் பலவீனமான எழுபது வயதுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஓப்பன் என்றாலே பழைய முறை என்று ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

லேப்ராஸ்கோப்பியில் வழக்கமாக மூன்று சின்னத் துளைகள். கேமரா வழியாக, ஓட்டையின் உட்பக்கத்தில், தசைக்கும் உள்ளுறைக்கும் நடுவே சுமார் 15-க்கு 10 செ.மீ. வலையை விரிப்பார்கள். டேப் (TAPP) என்ற முறையில் வயிற்றுக்குள் போய் உள்ளுறையைத் திறந்து வலையை வைத்து மறுபடி மூடுவார்கள். டெப் (TEP) என்ற முறையில் வயிற்றுக்குள்ளேயே போகாமல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே மட்டும் வேலை நடக்கும். முழு மயக்கம் வேண்டியிருக்கும். வலி குறைவு, வேலைக்குத் திரும்புவது சீக்கிரம், இரண்டு பக்க ஹெர்னியாவையும் அதே துளைகள் வழியாகச் சரிசெய்யலாம். ஆனால் கை பழக நாளாகும் முறை. ஒரு சர்ஜனுக்கு இது நன்றாகப் படிய ஐம்பது முதல் நூறு ஆபரேஷன் வரை ஆகும் என்பார்கள். ரோபோ மூலம் செய்வதும் இதே முறைதான். சாதாரண இடுக்கு ஹெர்னியாவுக்குக் கூடுதல் செலவுக்கு ஏற்ற கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை.

## வலையைப் பற்றிய பயம்

வெளிநாட்டுச் செய்திகளில் அதிகம் அடிபட்டது, பெண்களுக்குக் கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கப்பட்ட வலை. 2019-ல் அமெரிக்காவில் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். வைக்கும் இடமும் காரணமும் வேறு. ஹெர்னியா வலையிலும் பிரச்சினையே இல்லை என்று சொல்ல முடியாது. ஹெர்னியா திரும்ப வருவது அதிகமாக இருந்ததால், 2016-ல் ஒரு வகை வலையைத் தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது.

எடைபோட்டுப் பார்த்தால் நிலைமை இது. வலை வைத்தால் ஹெர்னியா திரும்ப வருவது, வெறும் தையலோடு ஒப்பிடும்போது பாதிக்கும் கீழே குறைகிறது. மறுபக்கம், சீழ் பிடித்தால் அரிதாக வலையை எடுக்க வேண்டிவரும். மூன்று மாதத்துக்கு மேலும் வலி நீடிப்பது, எந்த முறையானாலும், சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அன்றாட வேலையைத் தடுக்கும் அளவு வலி அதைவிட மிகக் குறைவான பேருக்கு. ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கேட்க வேண்டும்.

விலை உயர்ந்த வலைதான் நல்லதா? மகாராஷ்டிராவின் தொண்டாயிச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், ஏழை நோயாளிகளுக்காக 1990-களில் கொசுவலைத் துணியை முறைப்படி கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தத் தொடங்கினார். பிறகு உகாண்டாவில் சுமார் 300 ஆண்களை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட மலிவு வலைக்கும் கம்பெனி வலைக்கும் ஓராண்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதற்காக யாரும் வீட்டுக் கொசுவலையை நினைக்க வேண்டாம். துணி வகை, கிருமிநீக்கம் எல்லாம் கட்டுப்பாட்டில் செய்தது. ஆனால் ‘இம்போர்ட்டட் வலை, இத்தனை ஆயிரம் கூடுதல்’ என்று சொல்லப்படும்போது, எனக்கு அது எதற்கு என்று கேட்க இது தைரியம் கொடுக்கும்.

## யாருக்கு எது பொருந்தும்

1. ஒரு பக்கம், முதல் தடவை, ஆண்: ஓப்பனும் சரி, லேப்ராஸ்கோப்பியும் சரி. சர்ஜனுக்கு நன்றாகப் பழகிய முறையே உங்களுக்கும் நல்லது.
2. இரண்டு பக்கமும்: லேப்ராஸ்கோப்பிக்குச் சாதகம்.
3. முன்பு ஓப்பன் செய்து திரும்ப வந்தது: இப்போது லேப்ராஸ்கோப்பி. முன்பு லேப்ராஸ்கோப்பி என்றால் இப்போது ஓப்பன். பழைய தழும்பைத் தொடாமல் புதிய வழியில் போவதற்காக.
4. பெண்கள்: வசதி இருந்தால் லேப்ராஸ்கோப்பி. மறைந்திருக்கும் தொடை மேல்முனை ஹெர்னியாவும் அதில் தெரிந்துவிடும்.
5. முழு மயக்கம் தாங்காதவர்: மரக்கும் ஊசியில் ஓப்பன்.
6. தொப்புள் ஹெர்னியா: ஒரு செ.மீ. அளவைத் தாண்டினால் பொதுவாக வலை.
7. தழும்பு ஹெர்னியா: சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, புகையை நிறுத்தி, எடையைக் குறைத்துவிட்டு வரச் சொன்னால் அது தட்டிக்கழிப்பதல்ல. இந்த மூன்றும்தான் தையல் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பெரிய ஓட்டைகளுக்குத் தசை அடுக்குகளைப் பிரித்து நகர்த்தி மூட வேண்டிவரும். அதை அடிக்கடி செய்யும் இடத்துக்கே போங்கள்.

குழந்தைகள் கணக்கு தனி. தொப்புள் புடைத்திருக்கும் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். தொப்புள்மேல் காசை வைத்துத் துணியால் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் ஓட்டை மூடாது, தோல் புண்ணாகும். ஆனால் இடுக்கில் வீக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளில் அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பையைக் கட்டி நீக்கினாலே போதும், வலை வைப்பதில்லை.

## செலவும் பின்கவனிப்பும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டைக்கு அந்தந்த மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரி. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-ல் பிரிந்துவிட்டதால் அவரவர் மாவட்டத்துக்குப் போகலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அட்மிட் ஆவதற்கு முன் காப்பீட்டுக் கவுண்டரில் உங்களுடைய ஆபரேஷனின் பெயரைச் சொல்லி, வலையும் அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ நடக்கலாம். முதல் சில நாள் இடுக்கில் இறுக்கமும் வீக்கமும் இருக்கும். பழைய வீக்கம் இருந்த இடத்தில் நீர் கோத்துக் கட்டி மாதிரி தெரிந்தால், ஹெர்னியா திரும்ப வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வற்றும். காய்ச்சல், தையலில் சீழ், சிறுநீர் போகாமல் நிற்பது, இவற்றுக்கு உடனே போக வேண்டும். வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாடலாம், மாடிப்படி ஏறலாம் என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். மாதக்கணக்கில் படுத்திருக்கத் தேவையில்லை. மூட்டை தூக்குபவர், தோல் புரட்டுபவர் எப்போது திரும்பலாம் என்பதை மட்டும் உங்கள் சர்ஜனிடமே தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழும் கூடவே.

டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: எந்தப் பக்கம், எந்த முறை, எந்த வலை, எந்த அடுக்கில் வைத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வலைப் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரையும் அதில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அதே வயிற்றில் வேறு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால், அந்த டாக்டர் முதலில் கேட்கும் காகிதம் அதுவாக இருக்கும்.